கத்திக்கு நுனி எதற்கு?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் கடையில் பார்ப்பது பெரும்பாலும் பிடியைத்தான். சிவப்பா, கறுப்பா, மரமா, கொம்பா என்று பார்ப்பார்கள். உள்ளே எத்தனை கருவிகள் மடங்கியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்து, "பேஷ், நல்ல கூர்" என்று பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். புதுக் கத்தி எதுவானாலும் காகிதத்தை வெட்டும். ஆறு மாதம் கழித்து அது எப்படி வெட்டப் போகிறது, கைக்கு எவ்வளவு அடங்கப் போகிறது, அவசரத்தில் யார் விரலைப் பதம் பார்க்கப் போகிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அலகின் வடிவம். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு.

நம்மைப் போல் ஊரை விட்டு வந்து தில்லியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மடக்குக் கத்தி ஆடம்பரப் பொருள் அல்ல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னை போய்ச் சேர இரண்டு இரவும் ஒரு பகலும். கொய்யா, வெள்ளரிக்காய், ஆப்பிள் என்று வழியில் வாங்கும் பண்டங்களுக்குக் கத்தி வேண்டும். (நாகபுரியில் வாங்கும் ஆரஞ்சுக்கு வேண்டாம், அந்தப் புண்ணியம் கட்டிக்கொண்ட பழம் அது ஒன்றுதான்.) ஊரிலிருந்து வரும் அப்பளக் கட்டின் சணலை அறுக்க, கூரியர் பெட்டியின் டேப்பைக் கிழிக்க, ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளையின் பையில் போட்டுவிட என்று வருஷம் முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது. ஆகவே கொஞ்சம் யோசித்து வாங்கலாம்.

வடிவத்தைப் பற்றிப் பேசுமுன் கத்தியின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பிடியை விட்டு வெளியே வரும் இரும்புத் தகடு அலகு. அதில் தீட்டிய பக்கம் வாய். எதிர்ப்பக்கம் முதுகு. இரண்டும் சந்திக்கும் இடம் நுனி. கத்தி வடிவங்கள் எத்தனை இருந்தாலும் எல்லாம் இரண்டே கேள்விகளில் அடங்கிவிடும். வாய் நேர்க்கோடா, வளைவா? நுனி எந்த உயரத்தில் இருக்கிறது — முதுகின் மட்டத்திலா, நடுவிலா, வாயின் மட்டத்திலா? மற்றதெல்லாம் அலங்காரம்.

வாய் வளைந்து வயிறு போட்டிருந்தால் இழுத்து நறுக்குவதற்கு நல்லது. இழுக்க இழுக்க வளைவின் வேறு வேறு புள்ளிகள் பண்டத்தின்மேல் பட்டுக்கொண்டே போகும். மாம்பழத் தோல், தக்காளித் தோல் போன்ற வழுக்கல் சமாசாரங்கள் அழுத்தாமலே அறுபடும். வாய் நேராக இருந்தால் பலகையின்மேல் முழு நீளமும் ஒரே சமயத்தில் படியும். கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு வராமல் துண்டு தனியாக விழும். நேர் வாயைக் கல்லில் தீட்டுவதும் சுலபம். வயிறு போட்ட கத்தியைத் தீட்டும்போது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகவேண்டும். அது பழகினால்தான் வரும்.

கடைக்காரர்கள் இங்கிலீஷ் பெயர்களைத்தான் சொல்வார்கள் என்பதால் அவற்றையே வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கிளிப் பாயிண்ட்

முதுகின் முன்பகுதியை ஒரு கடி கடித்து எடுத்ததுபோல் குழிவாக வெட்டியிருப்பார்கள். இதனால் நுனி மெலிந்து ஊசிபோல் ஆகிவிடும். பார்ப்பதற்கு மிகவும் கம்பீரம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பத்துக் கத்திகளில் இளைஞர்களின் கை நேராகப் போவது இதன்மேல்தான். அமெரிக்காவில் ஜிம் போவி என்பவர் 1827-இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு சண்டையால் பிரபலமானார். அவருடைய பெயரில் பின்னால் விற்பனையான பெரிய கத்திகளுக்கு இந்த வடிவமே அடையாளமாகிவிட்டது. அதாவது, இதன் புகழ் சமையலறையில் சம்பாதித்த புகழ் அல்ல.

நம் பக்கத்திலேயே ராம்பூர் இருக்கிறது. தில்லியிலிருந்து மொராதாபாத் வழியாக பரேலி போகும் பாதையில் வரும் ஊர். நவாபுகள் காலத்திலிருந்து கத்தி செய்வதில் பெயர் பெற்றது. நீண்டு மெலிந்து நுனி கூர்ந்த ராம்பூரிச் சாக்கு, அறுபது எழுபதுகளின் இந்திப் படங்களில் வில்லனின் கையில் எத்தனை தடவை திறந்தது என்று கணக்கில்லை. தொண்ணூறுகளில் உத்தரப் பிரதேச அரசு நீளத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபின் தொழில் சுருங்கிவிட்டது. 2023-இல் அந்த ஊர் நாற்சந்தி ஒன்றில் சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியையே சிலையாக வைத்திருக்கிறார்கள். வேலைப்பாடு உயர்ந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆப்பிள் நறுக்குவதற்கு அந்த நுனியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. மெல்லிய நுனி டப்பா மூடியை நெம்பினால் ஒடிந்துவிடும். ஒடியாவிட்டால் தொடையைக் குத்தும். குடும்பக் கத்தியாக இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஸ்பியர் பாயிண்ட், டிராப் பாயிண்ட்

ஸ்பியர் என்றால் ஈட்டி. பெயர் பயங்கரமாக இருந்தாலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சிவப்பு ஸ்விஸ் கத்தியின் பெரிய அலகு இந்த வகைதான். நுனி நடுக்கோட்டில், பிடிக்கு நேராக இருக்கும். கை எங்கே நீட்டுகிறதோ அங்கேயே நுனியும் போகும். டிராப் பாயிண்டில் முதுகு மெதுவாகச் சரிந்து இறங்கி, நுனி நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நுனிவரை இரும்பு தடிமனாக வருவதால் சுலபத்தில் ஒடியாது. வாயில் நல்ல வயிறும் இருக்கும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காம்பு போகாமல் நாலாகக் கீறுவது, உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டுவது, மிளகாயை வகுந்து விதை எடுப்பது ஆகிய காரியங்களுக்கு ஓரளவு நுனி வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அளவுக்கு இவை இரண்டும் போதும்.

ஷீப்ஸ்ஃபுட்

ஆட்டுக் குளம்பு என்று பொருள். இதில் வாய் ஒரே நேர்க்கோடு. முதுகு கடைசியில் வளைந்து கீழே இறங்கி வாயோடு சேர்ந்துவிடும். நுனி என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ஒரு மூலை இருக்கும், அவ்வளவுதான். பார்ப்பதற்கு அசடுபோல் இருக்கும். கடையில் இதை யாரும் கையில் எடுப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலி.

இதை நம்பியவர்கள் கப்பல்காரர்கள். ஆடுகின்ற தளத்தில், ஈரக் கையோடு, தடித்த வடக்கயிற்றை அறுக்கவேண்டிய தொழில் அவர்களுடையது. நேர் வாயைக் கயிற்றின்மேல் வைத்து முதுகில் ஒரு கட்டையால் தட்டினால் கயிறு துண்டாகும். கால் இடறி விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவனைக் குத்தாது. சரி, இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க நுனி வேண்டுமே, அதற்கு? அதற்குப் பிரிட்டிஷ் மாலுமிகளின் மடக்குக் கத்தியில் தனியாக ஒரு தடித்த இரும்பு முள் உண்டு. மார்லின் ஸ்பைக் என்பார்கள். அறுப்பது அலகின் வேலை, குத்தி நெம்புவது முள்ளின் வேலை என்று பிரித்து வைத்துவிட்டார்கள்.

இதே வகையில் வார்ன்க்ளிஃப் என்று இன்னொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் கம்பெனி செய்தது. ஒரு பிரபுவின் பெயர். ஷீப்ஸ்ஃபுட்டைப்போலவே நேர் வாய்தான். முதுகு மட்டும் நீளமாகச் சரிந்து வந்து கூர்மையான மூலையில் முடியும். பென்சில் சீவ, அட்டை வெட்ட, டேப் கீற இதைவிடச் சௌகரியமான கத்தி கிடையாது. சாப்பாட்டுக்கு மத்திமம்.

பருந்து மூக்கு

ஹாக்பில் என்பது உட்பக்கம் வளைந்த வாய். நம் அரிவாளின் தம்பி என்று சொல்லலாம். இழுத்தால் கொம்பு நழுவாமல் வளைவுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். தோட்டக்காரர்கள் கிளை கழிக்கவும், மின்சார வேலைக்காரர்கள் கேபிளின் மேலுறையைக் கீறவும் வைத்திருப்பது இது. பழம் நறுக்க லாயக்கில்லை. பலகையில் வைத்தால் நுனி மட்டுமே படும். தீட்டுவதும் கஷ்டம்; தட்டைக் கல் உள்ளே போகாது, உருளைக் கல் வேண்டும். தில்லிப் பால்கனியில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக்கு இவ்வளவு ஆயுதம் வேண்டாம். கையால் ஒடித்தால் போதும்.

தோட்டம் என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். லக்னோவுக்குப் பக்கத்தில் மலிஹாபாத்தில் தசேரி மாமரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்கள் வேலை செய்வதற்கு நேர் வாய்க் கத்தி வேண்டும். ஒட்டுக் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருக்கும்; மறுபக்கம் தட்டை. இரண்டு கொம்புகளின் வெட்டு முகமும் கண்ணாடிபோல் தட்டையாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தி உயிர் சேரும். வளைந்த வாயால் வெட்டினால் நடுவில் குழி விழும், ஒட்டுப் பிடிக்காது. தசேரியின் தித்திப்புக்குப் பின்னால் இப்படி ஒரு நேர்க்கோடு இருக்கிறது.

நம்மவர்கள் நுனியை என்ன செய்தார்கள்?

கப்பல்காரர்கள் நுனியைத் தனியே பிரித்ததைப் பார்த்தோம். அதையே நம் பாட்டிகள் எந்த ஆரவாரமும் இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். அரிவாள்மணையை நினைத்துப் பாருங்கள். அங்கே கத்தி அசைவதில்லை, காய்தான் அசைகிறது. இரண்டு கையும் காயைப் பிடித்திருப்பதால் எந்தக் கையிலும் கத்தி கிடையாது. அலகின் உச்சியில் நுனி இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது? பல் வைத்த தேங்காய்த் துருவல்! குத்துவதற்கு ஆகாத அந்த முனையைத் தேங்காய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே வங்காளிக் குடும்பங்களில் உள்ள 'போட்டி'யும் இதே குலம். அதிலும் துருவல் வைத்தவை உண்டு. சித்தரஞ்சன் பார்க் மீன் கடைகளில் ஆள் உட்கார்ந்து பெரிய ரோகு மீனை அதில் துண்டு போடுவதைப் பார்த்தால் நம் அடுப்படி ஞாபகம் வரும். மீன் சாப்பிடாதவர்கள் தூர நின்று பார்க்கலாம்.

எழுத்து வேலையிலும் இதே கதை. பனை ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஓலையின் ஓரத்தை வாருவதற்கு ஒரு சிறு கத்தி, எழுதுவதற்குக் கூரான எழுத்தாணி, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும்படி செய்தவை உண்டு. அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். வெட்டுவதற்கு ஒன்று, கீறுவதற்கு ஒன்று. மேல்நாட்டில் இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் நாம் பேனாக்கத்தி என்று சொல்வது. அங்கே கத்தி பேனாவுக்கு வேலைக்காரன். நம் மடக்கெழுத்தாணியில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஸ்விட்சர்லாந்து ராணுவம் 1890-இல் தன் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டுமென்று தீர்மானித்தபோது கேட்டதும் இதைத்தான்: ஓர் அலகு, டின் திறக்க ஒரு கருவி, புதுத் துப்பாக்கியைப் பிரிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர், தோலில் ஓட்டை போட ஒரு குத்தூசி. முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கனில்தான் செய்யப்பட்டது. நம் நாட்டு ராணுவத்துக்கு அயல்நாட்டான் கத்தியா என்று கார்ல் எல்ஸனர் என்ற கத்திக்காரர் இறங்கி, 1891-இல் தம் கத்திகளைக் கொடுக்க ஆரம்பித்தார். 1897-இல் இன்னும் இலேசான ஆபீஸர் கத்தியைப் பதிவு செய்துகொண்டார். அவர் தொடங்கிய தொழிற்சாலைதான் விக்டோரினாக்ஸ். அம்மா பெயர் விக்டோரியா, அதோடு துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'இனாக்ஸ்' 1921-இல் சேர்ந்துகொண்டது. அந்தக் கத்தியின் முதுகில் மடங்கியிருக்கும் குத்தூசியைப் பலர் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். பெல்ட்டுக்கு ஓட்டை போட, பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட, செருப்பு வாரைத் தைக்க என்று நுனி செய்யவேண்டிய வேலைகள் அத்தனையும் அது செய்யும். குத்தூசி இருக்கிற கத்தியில் அலகுக்குக் கூரான நுனி அவசியமே இல்லை.

விரலைக் காப்பது எது?

மடக்குக் கத்தியில் விரல் அறுபடுவதில் ஒரு முறை இருக்கிறது. சாதாரண மடக்குக் கத்திக்குப் பூட்டுக் கிடையாது. பிடியின் முதுகிலுள்ள எஃகு வில்தான் அலகைத் திறந்தபடி அழுத்திப் பிடித்திருக்கிறது. நறுக்கும்போது பண்டம் வாயை எதிர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் அலகை மேலும் திறக்கத்தான் பார்க்கும். ஆகவே பயமில்லை. ஆனால் நுனியால் குத்தி, அது மாட்டிக்கொண்டு, கையைத் திருகி இழுத்தால் அழுத்தம் முதுகுப் பக்கம் மாறிவிடும். வில் தோற்றுப்போகும். அலகு சட்டென்று மடங்கும். அது மடங்குகிற பாதையில்தான் நம் நாலு விரல்களும் இருக்கின்றன. பெயிண்ட் டப்பாவின் மூடி, உறைந்துபோன பாக்கெட், புது சாமானின் கெட்டிப் பிளாஸ்டிக் உறை — வீட்டில் கத்தியை நுனியால் உபயோகிக்கத் தூண்டுகிற எல்லாமே இந்த ரகம். குத்துவதற்கு நுனியே இல்லாவிட்டால் யாரும் குத்தப்போவதில்லை.

பூட்டு வைத்த கத்தி வாங்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஃபிரான்ஸின் ஒபினெல் கத்தியில் 1955-இல் வைத்த சுழல் வளையம் எளிமையான பூட்டு. திறந்தபின் வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. ஆனால் மூடும்போது பூட்டை விடுவிக்கவேண்டும். சில வகைகளில் அதற்காகக் கட்டைவிரலை அலகின் பாதைக்குள்ளேயே கொண்டுபோகவேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குப் பழகிவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது யோசிக்கவேண்டும்.

பிள்ளைகள் என்றால் ஜப்பானை நினைக்காமல் இருக்கமுடியாது. ஹிகோனோகாமி என்று அங்கே ஒரு சின்ன மடக்குக் கத்தி. நேர் வாய், பித்தளையோ இரும்போ மடித்த பிடி. ஹ்யோகோ மாகாணத்தின் மிகி ஊரில் செய்வார்கள். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் பெட்டியில் வைத்திருந்த பொருள் அது. 1960-இல் அஸானுமா என்ற அரசியல் தலைவரை ஒரு 17 வயதுப் பையன் மேடையிலேயே குறுவாளால் குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகளின் கையில் கத்தியே வேண்டாம் என்று இயக்கம் நடந்தது. பென்சில் பெட்டியிலிருந்து அந்தச் சிறு கத்தி மறைந்தது. செய்தது குறுவாள், தண்டனை பென்சில் கத்திக்கு. ஒபினெல் கம்பெனி வேறு வழி பார்த்தது. சிறுவர்களுக்கென்று 8 சென்டிமீட்டர் அலகு, நுனியை அரைவட்டமாக உருட்டிவிட்ட ஒரு கத்தி செய்கிறார்கள். வெட்டும், குத்தாது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆப்பிள் நறுக்கக் கற்றுக்கொடுக்க இப்படிப்பட்டதுதான் வேண்டும்.

நுனியை உருட்டுவது புது யோசனையும் அல்ல. ஃபிரான்ஸின் பதினாலாம் லூயி 1669-இலேயே கூர் நுனிக் கத்திகளுக்குத் தடை போட்டார். சாப்பாட்டு மேஜைக் கத்திக்கு உருண்ட நுனி வந்தது அப்படித்தான். 2005-இல் இங்கிலாந்தின் மருத்துவப் பத்திரிகை ஒன்றில், அவசர சிகிச்சை டாக்டர்கள் மூவர், நீண்ட கூர் நுனிச் சமையலறைக் கத்திகளை விற்கவே கூடாது என்று எழுதினார்கள். பத்துச் சமையல் நிபுணர்களைக் கேட்டுப் பார்த்தோம், நீண்ட நுனி இல்லாமல் முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை என்றார்கள். தினமும் குத்துக்காயங்களைத் தைத்தவர்கள் எழுதியது; வெறும் கற்பனை என்று தள்ளிவிடமுடியாது.

சட்டம்

இது வக்கீல் யோசனை அல்ல. தெரிந்துகொள்ளவேண்டிய அளவு மட்டும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் அரிவாள்மணைக்கு ஆபத்தில்லை.

ஆனால் தில்லிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 1980-இல் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, பொத்தானை அழுத்தினால் திறக்கிற கத்தி, ஸ்பிரிங் கத்தி, பல்சக்கரம் வைத்த 'கராரிதார்' கத்தி, வேறு விசையால் திறந்து மூடுகிற கத்தி ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அலகு 7.62 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குல நீளமும், 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது பொருந்தும். 'பட்டன்தார்' கத்தி வைத்திருந்ததாகத் தில்லிப் போலீஸ் போட்ட வழக்குகள் எத்தனையோ கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. ஹாஸ்டலில் இருக்கும் பையன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கும் கத்தி பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று திறக்கும் அழகுதான் அவனை இழுத்திருக்கும். இரவில் ஆட்டோவை நிறுத்திச் சோதனை போடும்போது, ஆப்பிள் நறுக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்வதை எந்தக் கான்ஸ்டபிள் நம்புவார்? நகத்தால் திறக்கிற, விசை எதுவும் இல்லாத ஸ்விஸ் ரகக் கத்தியின் பெரிய அலகு சுமார் 6 சென்டிமீட்டர்தான். கண்ணில் பட்டாலே அது என்ன சாமான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோற்றமே ஒரு பாதுகாப்பு.

விமானத்தில் போகிறவர்கள் எந்த வடிவமானாலும் கைப்பையில் வைக்கக்கூடாது. செக்-இன் பெட்டியில் போட்டுவிடவேண்டும். மறந்து கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எதை வாங்கலாம்?

ரயில் பைக்கும் வீட்டுக்குமாக ஒரே கத்தி என்றால், 6 அல்லது 7 சென்டிமீட்டருக்கு மேற்படாத அலகு, ஸ்பியர் அல்லது டிராப் பாயிண்ட், விசையும் பொத்தானும் இல்லாதது, குத்தூசி தனியாக உள்ளது. ஷீப்ஸ்ஃபுட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்; ஆனால் நம் கடைகளில் அபூர்வம். கிடைக்காதவர்கள் சாதாரணக் கத்தியின் நுனியைச் சாணைக்காரரிடம் கொடுத்து அரைவட்டமாகத் தேய்த்துக்கொள்ளலாம். முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்கவேண்டும். வாய்ப் பக்கத்தில் கை வைத்தால் மடக்கும்போது நுனி பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சட்டைப் பையைக் கிழிக்கும். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

பாதி வாயில் ரம்பப் பல் வைத்த கத்திகளை விற்கிறார்கள். கயிறு அறுக்க நல்லது. பழத்தைப் பிய்க்கும், வீட்டில் தீட்டவும் முடியாது. எஃகைப் பொறுத்தவரை துருப்பிடிக்காததே நமக்குச் சரி. கார்பன் எஃகு கூர் நன்றாக ஏறும் என்பது வாஸ்தவம். ஆனால் எலுமிச்சை, மாங்காய், நெல்லிக்காய் பட்டால் கறுத்துப்போய்ப் பழத்துக்கும் இரும்பு வாடை ஏற்றிவிடும். ஊறுகாய் போடுகிற வீட்டுக்கு அது உதவாது.

தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்துக்கொண்டே சாணை பிடிப்பவர்கள் தில்லிக் காலனிகளில் இன்னும் வருகிறார்கள். கத்தரிக்கோலுக்கும் பெரிய கத்திக்கும் அவர்களே போதும். மடக்குக் கத்தியின் வாயை மட்டும் கொடுக்கவேண்டாம். வேகமாகச் சுற்றும் சக்கரம் இரண்டு தடவையில் வயிற்றைத் தேய்த்து நேராக்கிவிடும்; மெல்லிய வாயில் சூடேறினால் எஃகின் பதமும் போய்விடும். ஒரு தட்டைக் கல், கொஞ்சம் தண்ணீர், மாதத்துக்கு ஐந்து நிமிஷம் — வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். தீட்டியபின் துடைத்து, மடங்கும் கணுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாம் என்று சிலர் சொல்வார்கள். தில்லிக் குளிரில் அது உறைந்துபோய்க் கத்தி திறக்காது. தையல் மிஷின் எண்ணெயே நல்லது. பழம் நறுக்குவதற்கு முன் ஒருதரம் கழுவிக்கொள்ளுங்கள்.